இளம் உடலும் மணிக்கணக்கும்



ஜிம்னாஸ்டிக்ஸ் என்று உலகம் வழங்கும் சீருடற்பயிற்சியைக் கற்கும் ஒரு சிறுவனோ சிறுமியோ வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிலலாம்? பயிற்சியாளர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது என்றே முதலில் தோன்றும். வரலாற்றுப் பேச்சில் இதற்கு என்ன இடம் என்றும் நீங்கள் கேட்கலாம். இடம் உண்டு. வளரும் பிள்ளையின் உடலை நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைக்க விடலாம் என்ற கேள்வியை நம் நாடு முன்பு ஒருமுறை கேட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தட்டுத்தடுமாறி ஒரு விடையும் கண்டது. அவ்விடை தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. பயிற்சிக்கூடத்தின் வாயிலுக்கு வெளியே அது நின்றுவிட்டது. ஏன் நின்றது, உள்ளே வந்தால் என்ன சொல்லும் என்பதே இன்றைய பேச்சு.

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் பொழுதைக் கணக்கிடப் பிள்ளைகளுக்குத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்பின் சங்கு ஊதினால் அப்பா புறப்படுவார். மாலைச் சங்கு ஊதினால் அம்மா திரும்புவார். காலணி செய்யும் கூடங்களில் இன்று பெரும்பாலும் பெண்களே வேலை செய்கின்றனர். எந்த வேலைக்கு எத்தனை மணி, எந்த நாள் விடுமுறை, மிகை நேரத்துக்கு எவ்வளவு கூலி என்பன வீட்டுத் திண்ணையிலேயே பேசப்படும் செய்திகள். இப்படிப்பட்ட ஊரில் தலைமையாசிரியனாக இருந்தவனுக்கு, ஒரு பிள்ளை எத்தனை மணி நேரம் கம்பியில் தொங்கலாம் என்று கேட்டால், சட்டப் புத்தகத்தின் நினைவு வருவது இயல்பே.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டு வந்தது. ஏழு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை செய்யலாம். இடையே ஒரு மணி ஓய்வு. மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை. இதை அன்று பெருங்கருணை என்றனர். கருணை மட்டுமே காரணமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலிவான உழைப்பைக் கொண்டு பம்பாய் ஆலைகள் தங்களோடு போட்டியிடுகின்றன என்று லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூக்குரலிட்டதும் அச்சட்டத்துக்கு ஒரு தூண்டுகோல். நல்ல சட்டங்கள் பல, தூய நெஞ்சிலிருந்து மட்டும் பிறப்பதில்லை.

1891ஆம் ஆண்டு வயது ஒன்பதாக உயர்ந்து, நேரம் 7 மணியாகக் குறைந்தது. 1911இல் நெசவாலைப் பிள்ளைகளுக்கு 6 மணி. 1922இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இடமில்லை என்றும், பதினைந்து வரை 6 மணிதான் என்றும் ஆயிற்று. 1934இல் 5 மணி. நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு நிறையாதவரை வாயிலிலேயே தடுத்தது; பதினான்கு நிறைந்து பதினைந்து நிறையாத பிள்ளைக்கு நாலரை மணி என்று வரையறுத்தது. ஒன்பதிலிருந்து நாலரைக்கு வர, அதாவது சரிபாதியாகக் குறைய, 67 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நாலரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 27 மணி.

இந்தச் சட்டங்களில் எங்கள் பகுதிக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. 1881ஆம் ஆண்டுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திர விசை கொண்டு இயங்கும் ஆலைகளையே தொழிற்சாலை என்று கருதியது. தோல் பதனிடுவதோ பெரும்பாலும் கையும் காலும் தொட்டியும் கொண்டு நடந்த தொழில். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்தல், மயிர் நீக்குதல், சதை சீவுதல், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடுதல் ஆகிய இவற்றுக்கு நீராவி எந்திரம் எதற்கு? எந்திரம் இல்லாத இடத்தில் உழைப்பும் இல்லை என்று சட்டம் எண்ணிக்கொண்டது. விசையில்லாத இடத்திலும் இருபது பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையே என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகுதான் அந்த ஓட்டை ஒருவாறு அடைபட்டது. அதன் பின்னும், 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் தோல் பதனிடுதல் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது.

எந்திரம் இல்லையென்றால் உழைப்பு இல்லை என்று அன்று நினைத்தனர். கூலி இல்லையென்றால் உழைப்பு இல்லை என்று இன்று நினைக்கிறோம். பயிற்சிக்கூடத்தில் பிள்ளைக்குக் கூலி இல்லை. பதக்கம் உண்டு, கைதட்டல் உண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ அரசு வேலையோ கிடைக்கலாம் என்ற நம்பிக்கை உண்டு. ஆகவே அதை விளையாட்டு என்கிறோம். விளையாட்டுக்கு யாராவது மணி பார்ப்பார்களா?

இப்போது ஜிம்னாஸ்டிக்ஸின் கதைக்கு வருவோம். நம் பக்கத்தில் இக்கலையை முறையாகப் பயிற்றத் தொடங்கியவர்களுள் தலைச்சேரியைச் சேர்ந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் முன்னிற்பவர். அவ்வூர் பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். சத்ரேயின் சர்க்கஸ் அவ்வூருக்கு வந்ததைக் கண்டு ஊக்கம் பெற்று, 1901ஆம் ஆண்டு தலைச்சேரிக்கு அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்திய சர்க்கஸின் தந்தை என்று அவரைப் போற்றுவர். தென்னாட்டின் ஊர் ஊருக்கும் கூடாரத்தோடு வந்த கலைஞர்களுள் பலர் அந்த மரபின் வழிவந்தவர்களே. சிறுவனாக இருந்தபோது, அந்தரத்தில் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவிய பெண்பிள்ளையைப் பார்த்து நானும் வாய்பிளந்து நின்றவன்தான். அவளுக்கு என் வயதே இருக்கும். அவள் எந்தப் பள்ளியில் எத்தனையாம் வகுப்பு படிக்கிறாள் என்று கேட்கக் கூடாரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்டது 2011ஆம் ஆண்டு ஏப்ரலில். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து அறிவிக்கை வெளியிட வேண்டும் என்று அது நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

பள்ளிகளில் வேறொரு மரபு வளர்ந்தது. 1920ஆம் ஆண்டு சென்னையில் ஆரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் மாவட்டந்தோறும் டிரில் மாஸ்டர்களாகப் பரவினர். அவர்களுடைய நோக்கம் வகுப்பு முழுவதையும் நிமிர்ந்து நிற்கச் செய்வது. ஒருவனை வானத்தில் பறக்கவிடுவதன்று. வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் கிடைத்தால் பெரிது. தேர்வு நெருங்கும்போது அவற்றையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது பள்ளிகள் பலவற்றிலும் கண்ட காட்சி. ஆகவே நம் பிள்ளைகளுள் பெரும்பாலோருடைய குறை பயிற்சி மிகுதியன்று, பயிற்சியின்மையே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 7 மணி. அதைக்கூட எட்டாத பள்ளிகளே மிகுதி. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மேலே சொல்லப்போவதை யாரும் சோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிகுதி என்ற நோய் எப்போது வந்தது? ஒலிம்பிக் வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. 1956ஆம் ஆண்டு மெல்போர்னில் அங்கேரி நாட்டு ஆக்னெஸ் கெலெட்டி நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றபோது அவருக்கு வயது 35. 1968இல் மெக்சிகோ நகரில் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கு 26. அந்நாளில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் உண்மையிலேயே பெண்களின் கலை. பிறகு 1976இல் மாண்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, பதினான்கு வயதுச் சிறுமி, பத்துக்குப் பத்து வாங்கினார். மதிப்பெண் பலகையில் பத்தைக் காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டியது என்பது நீங்கள் அறிந்த கதை. அதன் பின்விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதினான்கு வயதில் உச்சியை எட்ட வேண்டுமென்றால் ஆறு வயதில் தொடங்க வேண்டும். பத்து வயதில் பெரியவர் வேலை நேரம் பயில வேண்டும். உடல் சிறுத்து, எடை குறைந்து, அச்சம் அறியாத பருவத்திலேயே கடினமான சுழற்சிகளைக் கற்பித்துவிடலாம் என்று பயிற்சியாளர்கள் கண்டுகொண்டனர்.

அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. காற்றில் தலைகீழாகச் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்று அறியும் திறன் இளமையில் எளிதில் படிகிறது. ஆனால் தொழிற்சாலை முதலாளிகளும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள் என்பதை மறக்கலாகாது. பிள்ளையின் விரல் சிறியது, அறுந்த நூலை விரைவில் முடியும்; சிறு வயதில் பழகினால்தான் கை படியும் என்றார்கள். அதுவும் பொய்யன்று. எனினும் சட்டம் அதை ஏற்கவில்லை.

உலகக் கூட்டமைப்பு மெல்ல விழித்தது. பெரியவர் போட்டியில் கலந்துகொள்ளும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. வயது விதி வந்தவுடன் வயதுப் பொய்யும் வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சீனப் பெண்கள் அணி பெற்ற வெண்கலம், அணியில் ஒருவருக்கு வயது போதாது என்று தெரிந்து 2010இல் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு இதில் வியப்பில்லை. ஆலைக் காலத்தில் வயதுச் சான்று வழங்கும் மருத்துவர், இங்கிலாந்தில் பல்லைப் பார்த்துக்கூட வயதை மதிப்பிட்டார். பிள்ளையை எட்டு வயதில் ஒன்பது என்று சொன்ன தாய் தந்தையரும் இருந்தனர்; பசி அப்படிச் சொல்ல வைத்தது. பதக்கமும் ஒருவகைப் பசிதான் போலும்.

வயதுக்கு வேலி போட்டவர்கள் நேரத்துக்குப் போடவில்லை. பதினாறு வயதில்தான் மேடையேறலாம் என்ற விதி, பத்து வயதில் எத்தனை மணி ஒத்திகை என்று கேட்பதில்லை. உயர்நிலைப் பயிற்சிக்கூடங்களில் வாரத்துக்கு 25 முதல் 40 மணி நேரம் பயில்வது அரிதன்று. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் தம் பதினைந்தாம் வயதில், 2012இல், பள்ளிக்குச் செல்வதை விடுத்து வீட்டுக் கல்விக்கு மாறினார். பயிற்சி 20 மணியிலிருந்து 32 மணியாக உயர்ந்தது. அவர் உலகப் புகழ் பெற்றார் என்பது உண்மை. அவரைப் போல அதே நேரம் பயின்று, முதுகும் மணிக்கட்டும் கெட்டு வீடு திரும்பியவர்களின் பெயரை நாம் அறியோம் என்பதும் உண்மை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பாடம் கற்பது நல்ல கணக்கன்று.

உடலுக்குள் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அது சுற்றியுள்ள எலும்பைவிட மென்மையானது. நம்மைக் கால் தாங்குகிறது; ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவரைப் பாதி நேரம் கைதான் தாங்குகிறது. பின்னோக்கித் தாவிக் கையூன்றும்போது மணிக்கட்டின் மேல் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை இறங்கலாம். ஒருமுறை இறங்கினால் ஒன்றுமில்லை. நாள்தோறும் நூறு முறை, ஓய்வின்றி, எலும்பு வேகமாக நீளும் பருவத்தில் இறங்கினால், முன்கையின் ஆர எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு புண்படுகிறது. மருத்துவர்கள் இதற்கு ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே பெயரிட்டிருக்கின்றனர். முதுகெலும்பைப் பின்னோக்கி வளைத்து வளைத்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுவதும் உண்டு. போதிய உணவின்றிப் பயிலும் பெண்பிள்ளைகளுக்குப் பூப்புத் தள்ளிப்போவதும், எலும்பு வலுவிழப்பதும் அறியப்பட்டவை. பெண்களுக்கு ஏறத்தாழ பதினொன்று முதல் பதின்மூன்று வயது, ஆண்களுக்கு அதற்கு இரண்டு ஆண்டு பின்னர், உடல் திடீரென நெடுக்கும் காலம். நேரத்தைக் குறைக்க வேண்டிய காலம் அது. பயிற்சிக்கூடங்கள் நேரத்தைக் கூட்டுவதும் அப்போதுதான்.

எங்கள் ஊர்த் தொட்டிக்கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. பிள்ளையைத் தோலோடு ஒப்பிடுவது அழகன்று; ஆயினும் சொல்கிறேன். பட்டைப் பதனிடும்போது தோலை முதலில் வீரியம் குறைந்த சாற்றில் இடுவர். நாள் செல்லச் செல்ல வீரியம் கூடிய சாற்றுக்கு மாற்றுவர். அவசரப்பட்டு எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் சுருங்கி இறுகிவிடும். சாறு உள்ளே புகாது. பார்வைக்குப் பதமான தோலாகத் தோன்றினாலும் நடுவே பச்சையாக நிற்கும். ஆட்டுத் தோலுக்குரிய நாட்கள் வேறு, எருமைத் தோலுக்குரிய நாட்கள் வேறு. தேர்ந்த மேஸ்திரி இதைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லமாட்டார்.

அப்படியானால் எத்தனை மணி? அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் ஏழு முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஏறத்தாழ 1,200 பேரை நீரு ஜெயந்தி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். தம் வயதின் எண்ணிக்கையைவிட மிகுந்த மணி நேரம் வாரந்தோறும் விளையாட்டுப் பயிற்சியில் கழித்த பிள்ளைகளுக்கு, அளவுமீறிய பயன்பாட்டால் வரும் கடுமையான காயங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. தாமாக ஆடும் நேரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் ஒழுங்குப் பயிற்சி பெற்றவர்களுக்கும் அவ்வாறே. எட்டு வயதுக்கு 8 மணி, பன்னிரண்டு வயதுக்கு 12 மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வும், ஆண்டில் சில மாதங்கள் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருத்தலும் வேண்டும் என்கிறது. அந்த ஆய்வு பல விளையாட்டுகளைச் சேர்த்துச் செய்யப்பட்டது; ஜிம்னாஸ்டிக்ஸுக்கென்று வார்த்தெடுத்த இரும்பு விதியன்று. ஆயினும் வயதே அளவுகோல் என்பது ஒரு தாய் கைவிரலில் எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. போட்டிக்குச் செல்லும் பதினைந்து பதினாறு வயதினர் மருத்துவரின் கண்காணிப்பில் சற்று மேலே செல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு 27 மணி என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தொழிற்சாலையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உச்ச வரம்பை அது தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு மணியும் எனக்கு ஒப்புதலில்லை. அந்த 27உம் எனக்கு ஒப்புதலில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1920களில் அகமதாபாத் போன்ற ஆலை நகரங்களில் அதிகாரிகள் ஒன்றைக் கண்டுபிடித்தனர். ஒரே பிள்ளை காலையில் ஓர் ஆலையில் ஆறு மணி நேரம், மாலையில் வேறோர் ஆலையில் வேறு சான்றிதழோடு சில மணி நேரம். இரண்டு ஆலையும் சட்டத்தை மீறவில்லை. பிள்ளையின் உடல் மட்டும் முழுநாள் உழைத்தது. ஆகவே 1926ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஒரே நாளில் இரண்டு ஆலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரையே தண்டனைக்குரியவராக்கியது. இப்போது நம் பிள்ளைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 நாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாளென்று வைத்தால் 44 வாரம். வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி. இதனோடு 30 மணி ஜிம்னாஸ்டிக்ஸைக் கூட்டுங்கள். 53 மணி. வயது வந்த தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது 48 மணி. வீட்டுப்பாடத்தையும், பேருந்தில் நின்று செல்லும் நேரத்தையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பள்ளி தன் மணியை எண்ணுகிறது; பயிற்சிக்கூடம் தன் மணியை எண்ணுகிறது; இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் யார்?

சட்டம் இதை முற்றிலும் பாராமலில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், படிப்புக்கு இடையூறு இல்லையெனில் குழந்தைகள் கலைநிகழ்ச்சிகளிலும் விளையாட்டுகளிலும் ஈடுபடலாம் என்றது. சர்க்கஸை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. குழந்தைக் கலைஞரைக் கருதி 2017இல் வந்த விதிகள், நாளொன்றுக்கு 5 மணிக்கு மேல் கூடாது, 3 மணிக்கு மேல் ஓய்வின்றித் தொடரக் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றன. அதே அளவைப் பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாலும் வாரத்துக்கு ஆறு நாளில் 30 மணி ஆகிறது. 1881ஆம் ஆண்டுச் சட்டம்கூட மாதத்துக்கு நான்கு நாள் விட்டது.

நம் நாட்டின் தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கியவர்; தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். 2016இல் ரியோவில் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பெற்றபோது அவருக்கு 23 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா 46 வயதில் டோக்கியோவில் போட்டியிட்டார். முன்சொன்ன பைல்ஸ், 2021இல் போட்டி நடுவே தம் மனமும் உடலும் ஒத்துழைக்கவில்லை என்று விலகி, ஓய்ந்து, 2024இல் பாரிஸில் 27 வயதில் மீண்டும் முதலிடம் பெற்றார். இவர்களும் இளமையில் மிகுதியாகப் பயின்றவர்களே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதினான்கு வயதுக்குள் முடிந்தாக வேண்டும் என்ற அவசரம் இயற்கை விதித்ததன்று என்பதற்கு இவர்களே சாட்சி.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெற்றோரிடம் ஒரு பழைய பழக்கத்தைச் சொல்வேன். தொழிற்சாலைகளில் பிள்ளைத் தொழிலாளருக்கென்று தனிப் பதிவேடு வைத்து, வேலை நேரத்தைச் சுவரில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அதுபோல் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பத்தியில் பள்ளி நேரம், இரண்டாவதில் பயிற்சி நேரம், மூன்றாவதில் தெருவில் தானாக ஆடிய நேரம், நான்காவதில் எங்கே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை இரவு கூட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை பயிற்சியாளரிடம் செல்லும்போது அந்த நோட்டும் பிள்ளையின் பையில் இருக்கட்டும்.